கெட்ட செய்தி உங்களிடம் எப்போது வந்து சேர்கிறது? டீமை நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

15 வருடமாகச் சிறியதும் பெரியதுமாக டீம்களை நடத்திவருகிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. எந்தக் கேள்வி உங்களை உறுத்துகிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நல்ல பணிச்சூழல் என்று எதைச் சொல்கிறீர்கள்? சண்டை சச்சரவில்லாமல் எல்லாரும் சிரித்துப் பேசினால் போதாதா?

போதாது. சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கிற டீமிலேயே உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்டிங்குக்கு மீட்டிங் வாக்குவாதம் செய்துகொண்டு, ஆனால் ஒருவரையொருவர் முழுக்க நம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் நான் கவனிப்பது ஒரே விஷயம்தான். ஒரு தவறு நடந்துவிட்டது, அல்லது ஒரு வேலை சொன்ன தேதியில் முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்தச் செய்தி பொறுப்பில் இருப்பவர் காதுக்கு எத்தனை நாளில் வருகிறது? அன்றைக்கே வந்தால் அந்த இடம் ஆரோக்கியமாக இருக்கிறது. வாடிக்கையாளர் போன் செய்து கத்தும்போதுதான் தெரிகிறது என்றால், எவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டாலும் அங்கே யாரும் யாரையும் நம்பவில்லை.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்கிற, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல பிரிவுகளில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகம்! மேலும் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நல்ல பிரிவுகளில் தவறை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற சொல் நிர்வாக உலகில் பரவலானது. சொல் கொஞ்சம் கனமாக இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், ‘இதை வாய் திறந்து சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற தைரியம்.

எங்கள் டீமில் யாரும் பிரச்சினை என்று எதையும் கொண்டுவருவதில்லை. அப்படியென்றால் எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதானே அர்த்தம்?

எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே கொஞ்சம் பயம் வரும்.

2006 செப்டம்பரில் ஆலன் முலாலி, விமானம் தயாரிக்கும் போயிங் நிறுவனத்திலிருந்து ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வாரம்தோறும் வியாழக்கிழமை துறைத் தலைவர்கள் எல்லாரும் கூடி, தங்கள் பொறுப்பில் உள்ள வேலைகள் எப்படிப் போகின்றன என்பதை நிறத்தால் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஒழுங்காகப் போனால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. ஆரம்பத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் பச்சை மயம்தான். அந்த ஆண்டில் நிறுவனத்துக்கு வந்த நட்டமோ 1,200 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு நட்டத்தில் போகிறோம், சரியாகப் போகாத வேலை ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டதாகச் சொல்வார்கள்.

கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற துறைத் தலைவர், புதிதாக வரவிருந்த ஒரு காரில் கண்டுபிடித்த கோளாறுக்காக அதை வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்திருந்தார். அந்த வாரம் அவர் சிவப்பைக் காட்டினார். அறையில் ஒரே நிசப்தம். இவர் கதை முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். பிறகு, இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். ஒவ்வொருவராக ஆளுக்கொரு உதவி சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் மற்றவர்களும் மஞ்சளும் சிவப்பும் காட்ட ஆரம்பித்தார்கள். ஃபீல்ட்ஸ் 2014இல் அதே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் கைதட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். கைதட்ட யாராலும் முடியும். அடுத்த வாரமும் ஃபீல்ட்ஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, மற்றவர்களை நம்பவைத்தது அதுதான் என்பது என் எண்ணம்.

உங்கள் டீமிலும் எல்லாம் பச்சையாகவே இருக்கிறதா? ஒன்று, வேலை அவ்வளவு சுலபமானது. இல்லையென்றால், உங்களுக்குச் சொல்வதில்லை.

கெட்ட செய்தியோடு ஒருவர் என் முன்னால் வந்து நிற்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

நான் என்ன செய்து கெடுத்தேன் என்பதிலிருந்து சொல்கிறேன்.

நான் முதன்முதலாக டீம் லீட் ஆன வருடம். திங்கட்கிழமை காலை மீட்டிங், எட்டுப் பேர். சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மேடம், போன வாரம் அனுப்பின ரிப்போர்ட்ல, மூணாவது பக்கத்துல கூட்டல் தப்பா இருக்குன்னு நினைக்கிறேன்.” நான் குரலை உயர்த்தவில்லை. திட்டவும் இல்லை. “அனுப்பறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?” என்று மட்டும் கேட்டேன். அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். நோட்டை மூடினாள். மற்ற ஏழு பேரும் அவரவர் லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தமே பத்து விநாடி இருக்கும்.

சில மாதங்கள் கழித்து, பழைய கட்டண அட்டவணை ஒன்று வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. அது பழையது என்று டீமில் மூன்று பேருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சோம் மேடம்” என்றார் ஒருவர். அவர் அந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் மூலையில் உட்கார்ந்திருந்தவர். அவரை நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இன்னொருவருக்கு நடந்ததைப் பார்த்தே பாடம் படித்துக்கொண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். செய்தி வந்தவுடன் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியம் “நல்லவேளை, இப்பவே சொன்னீங்க” என்பதுதான். மனதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாலும் அதுதான். இரண்டாவது, “யாருக்கெல்லாம் பாதிப்பு? இப்ப முதல்ல என்ன செய்யணும்?” ஏன் நடந்தது, யார் கவனிக்கவில்லை என்பதெல்லாம் தீயை அணைத்த பிறகு, ஓரிரு நாள் தள்ளி. சூட்டோடு சூடாகக் காரணம் கேட்டால் காரணம் கிடைக்காது, சப்பைக்கட்டுதான் கிடைக்கும்.

முகத்தை மறைக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். நானும் அந்த ரகம்தான். அப்படிப்பட்ட நாளில், “எனக்கு ஒரு பத்து நிமிஷம் கொடுங்க, நானே வந்து பேசுறேன்” என்று சொல்லிவிடுவது மேல். ஆனால் பத்து நிமிடத்தில் கட்டாயம் போக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர்களே ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று: சொன்னவருக்கு முடிவைச் சொல்லுங்கள். “நீங்க சொன்னதை வெச்சு அட்டவணையை மாத்திட்டோம்” என்று ஒரு வரி போதும். சொன்னது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். அதைப் பயம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கு அலுப்பு, அவ்வளவுதான்.

அப்படியானால் தவறு செய்பவரைக் கண்டிக்கவே கூடாதா? ஆளாளுக்கு இஷ்டப்படி இருக்க ஆரம்பித்துவிடுவார்களே?

கண்டிக்கலாம். எதற்குக் கண்டிக்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கை தவறுவது ஒன்று. ‘இது பரவாயில்லை’ என்று நினைத்துக் குறுக்குவழியில் போவது வேறொன்று. தவறு என்று தெரிந்தே செய்வது மூன்றாவது. முதலாவது நடந்தால் வேலை நடக்கிற முறையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது நடந்தால் அந்தக் குறுக்குவழி எதனால் கவர்ச்சியாக இருந்தது என்று உட்கார்ந்து பேச வேண்டும். பெரும்பாலும் நீங்கள் கொடுத்த கெடுதான் காரணமாக இருக்கும். மூன்றாவதற்கு மட்டும்தான் நடவடிக்கை. அங்கே தயவு தாட்சண்யம் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்குத் துரோகம் செய்கிறோம்.

விமானத் துறையில் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்திவரும் ஒரு திட்டம் உண்டு. விமானியோ கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரோ, தான் செய்த தவறையே அதற்கு எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே போகாது. வேண்டுமென்றே செய்யாத தவறாக இருந்து, 10 நாளுக்குள் எழுதி அனுப்பியிருந்தால், விதிமீறல் நிரூபணமானாலும் பொதுவாகத் தண்டனை கிடையாது. விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அறிக்கை வாங்குகிற அமைப்பும் தண்டனை கொடுக்கிற அமைப்பும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். நம் அலுவலகங்களில் இரண்டும் ஒரே ஆள், அதாவது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு இது கஷ்டம்.

நான் டீமில் சேருகிறவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுவேன்: தவறுக்காக யாரையும் நான் அனுப்பியதில்லை, மறைத்ததற்காக அனுப்பியிருக்கிறேன்.

“எப்போது வேண்டுமானாலும் வந்து பேசலாம்” என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் வருவதில்லையே?

வர மாட்டார்கள். உங்கள் அறைக்குள் வருவதை மற்றவர்கள் பார்க்கிறார்கள். ‘போட்டுக்கொடுக்கப் போகிறான்’ அல்லது ‘ஜால்ரா போடப் போகிறாள்’ என்று பேச்சு கிளம்பும். வருகிறவருக்குச் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனதுக்குள் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தை நீங்கள்தான் நடக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். எல்லாருக்கும் உண்டு என்றால் யாருக்கும் உறுத்தாது. அவசர வேலை வந்துவிட்டது என்று அந்த அரை மணியை நீங்களே தொடர்ந்து தள்ளிப்போட்டால், ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

கேள்வியும் முக்கியம். “ஏதாவது பிரச்சினை இருக்கா?” என்று கேட்டால் “இல்லைங்க” என்பதுதான் பதில். அதற்கு மேல் பேச இடமே இல்லை. “இந்த வாரம் எந்த வேலையில் அதிக நேரம் வீணாச்சு?” என்று கேட்டால் பதில் வரும். “நான் பண்றதுல எதை நிறுத்தினா உங்களுக்கு வசதியா இருக்கும்?” என்று ஒருமுறை ஒருவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பறீங்களே, அது” என்றார். காலையில் பார்த்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு வருடமாக.

மீட்டிங்கில் நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். மாற்றுக்கருத்தை எப்படி வரவைப்பது?

முதலில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பொறுப்பில் இருப்பவர் தன் கருத்தைச் சொல்லிவிட்டு “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால் அது கேள்வியே இல்லை.

1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது, மற்றது அமெரிக்காவின் பான் ஆம். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, அந்த நிறுவனத்திலேயே மிக மூத்தவர்களில் ஒருவர், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மேலெழும்புவதற்காக விமானம் ஓட ஆரம்பித்த பிறகு, பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு ஒரு சந்தேகம். எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சில விநாடிகள்தான் மிச்சம் இருந்தன. மூடுபனி, வானொலியில் குழப்பம், கட்டுப்பாட்டு அறையின் அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உலகம் முழுக்க விமானிகளுக்குத் தரப்படுகிற குழுப் பயிற்சியே மாறியதில் இந்த விபத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சின்னவர் சந்தேகத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், பெரியவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், இரண்டுக்குமே இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள்.

நாம் யாரும் விமானம் ஓட்டவில்லை, சரி. ஆனால் அந்தக் காக்பிட்டில் இருந்தது கெட்ட மனிதர் இல்லை, தன் அனுபவத்தின் மேல் நிச்சயமாக இருந்தவர். எனக்கு உறுத்துவது அதுதான். நீங்கள் நிச்சயமாகப் பேசப் பேச, எதிரே இருப்பவரின் சந்தேகத்துக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போகும்.

நடைமுறையில் ஒன்றிரண்டு வழிகள். முக்கியமான முடிவு என்றால், பேச ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லாரும் தங்கள் கருத்தை எழுதச் சொல்லுங்கள். சேர்ந்து குறைந்த நாளானவரை முதலில் படிக்கச் சொல்லுங்கள். “இந்தத் திட்டம் ஆறு மாசத்துல ஊத்திக்கிச்சுன்னு வெச்சுக்குவோம், எதனால இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். வாயே திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள், ஏனென்றால் இப்போது அவர்கள் உங்களை எதிர்க்கவில்லை, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள்.

டீமிலேயே மிகத் திறமைசாலி ஒருவர். ஆனால் மற்றவர்களை எடுத்தெறிந்து பேசுகிறார். இழக்கவும் மனமில்லை. என்ன செய்வது?

தனியாக அழைத்து, நாள், இடம், சொன்ன வார்த்தை எல்லாம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். “உங்க போக்கு சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கும் புரியாது. மாற ஒரு காலம் கொடுங்கள். மாறாவிட்டால் அனுப்பிவிடுங்கள்.

கல்நெஞ்சமாகத் தெரியலாம். நான் இரண்டு வருடம் ஒருவரை வைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் செய்த வேலை எனக்குத் தெரிந்தது. அவரால் மற்றவர்கள் செய்யாமல் விட்ட வேலை, கேட்காமல் விட்ட சந்தேகம், ஓசையில்லாமல் ராஜினாமா செய்துவிட்டுப் போன இரண்டு பேர், இதெல்லாம் எந்த அப்ரைசல் படிவத்திலும் வரவில்லை. அவர் போன மறுமாதம் வேலை நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. இழுத்துப் பிடித்துச் செய்தோம், அப்புறம் பழகிவிட்டது.

நான் யாரையும் மிரட்டுவதில்லை. இலக்கு மட்டும்தான் கொடுக்கிறேன். அதிலும் தவறா?

இலக்கில் தவறில்லை. “முடியாது” என்று சொல்ல வழியில்லாத இலக்கில்தான் வினை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஊழியர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் பல கணக்குகள் திறக்கவைக்க வேண்டும் என்று கடுமையான விற்பனை இலக்கு இருந்தது. எட்ட முடியாதவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்தபோது அபராதம் 18.5 கோடி டாலர். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை இதற்காக வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் நேர்மையற்றவர்களாக மாறிவிட்டார்களா என்ன?

இலக்கு கொடுக்கும்போது கூடவே கேளுங்கள்: “இதை எட்ட முடியாதுன்னு எப்ப உங்களுக்குத் தெரியவரும்? அப்ப என்கிட்ட வந்து சொல்லுங்க, தேதியையோ அளவையோ மாத்தலாம்.” சொன்னபடி ஒருமுறையாவது மாற்றியும் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன டீம் என் கையில் வந்திருக்கிறது. ஆட்களை மாற்றாமல் முடியுமா?

பெரும்பாலும் முடியும். அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பது, தொழிற்சங்கத் தகராறு, மோசமான தரம் என்று பேர் கெட்டுப்போன ஆலை. 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தை மறுபடி திறந்தார்கள். தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான், தொழிற்சங்கமும் பழையதுதான். ஓரிரு வருடத்திலேயே அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை மிஞ்சிவிட்டது.

மாறியது வேலை முறை. முன்பு கார் நகரும் வரிசையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். கோளாறோடு வந்தாலும் அப்படியே நகர்த்திவிட்டுப் பின்னால் சரிசெய்வார்கள். டொயோட்டா முறையில் ஒவ்வொருவர் கைக்கும் எட்டுகிற மாதிரி ஒரு கயிறு. கோளாறு தெரிந்தால் இழுக்கலாம். இழுத்தவுடன் டீம் லீடர் ஓடிவருவார், என்ன ஆச்சு, எப்படி உதவலாம் என்று கேட்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும்.

கயிறு கட்டுவது சுலபம், இழுத்தவரை முறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். உங்கள் டீமில் அந்தக் கயிறு எது என்று யோசித்துப் பாருங்கள். சில இடங்களில் ஒரு வாட்ஸாப் குழு, சில இடங்களில் ஒரு போன் எண். சில இடங்களில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

பெயர் தெரியாமல் கருத்துச் சொல்கிற சர்வே நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் ஐந்து பேர் உள்ள டீமில் பெயர் தெரியாத சர்வே என்று ஒன்று இல்லை. எழுத்து நடையிலேயே தெரிந்துவிடும். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க ஒருமுறை முயன்றீர்கள் என்று தெரிந்தால்கூட அதோடு முடிந்தது. வந்த கருத்தில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் செய்துகாட்ட முடியாது என்றால் கேட்காமலே இருங்கள்.

டீம் அவுட்டிங், விளையாட்டு, பிறந்தநாள் கொண்டாட்டம்?

நல்லதுதான். இருக்கிற நம்பிக்கையைச் சந்தோஷமாகக் கொண்டாட உதவும். இல்லாத நம்பிக்கையை உண்டாக்காது.

ஆட்குறைப்பு, சம்பள முடிவு மாதிரி வெளியே சொல்ல முடியாத விஷயங்களில் எப்படி வெளிப்படையாக இருப்பது?

மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். “இது தெரியும், சொல்கிறேன். இது தெரியும், ஆனா இப்ப சொல்ல முடியாது. இது எனக்கே தெரியாது.” இரண்டாவதைச் சொல்லத் தயங்கித்தான் நிறையப் பேர் “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை” என்று பூசி மெழுகுகிறார்கள். மூன்று வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சத்தியம் செய்தாலும் எடுபடாது. எப்போது சொல்ல முடியும் என்று ஒரு தேதி கொடுத்து, அந்தத் தேதியில் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் “இன்னும் முடிவாகலை” என்று போய்ச் சொல்லுங்கள்.

என் பக்கம்தான் தவறு. டீமுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. மீட்க முடியுமா?

எல்லார் முன்னாலும் செய்த தவறென்றால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது பாதி மன்னிப்புதான். “யாராவது மனசு புண்பட்டிருந்தா” என்று ஆரம்பிக்காதீர்கள், அது மன்னிப்பே இல்லை. என்ன செய்தேன், அதனால் என்ன ஆச்சு, இனி என்ன செய்வேன். மூன்று வாக்கியம். “வேலை டென்ஷன்ல…” என்று நாலாவது வாக்கியம் சேர்த்தால் முதல் மூன்றும் வீண்.

பேனாவை மூடிய அந்தப் பெண்ணிடம் நான் எட்டு மாதம் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டேன், அதே திங்கட்கிழமை மீட்டிங்கில். “அது எப்பவோ மேடம், மறந்தே போச்சு” என்றாள். மறந்திருக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் உடனே மாறிவிடவும் இல்லை. அடுத்த சில வாரங்கள் என்னைச் சோதித்துப் பார்ப்பது மாதிரி சின்னச் சின்ன விஷயங்களாகக் கொண்டுவந்தாள்.

எனக்கு மேலே இருப்பவரே கத்துகிற ஆள். நடுவில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

நிறுவனத்தையே மாற்ற முடியாது. உங்கள் கீழே உள்ள ஏழெட்டுப் பேரின் நாளை மாற்ற முடியும். மேலே வாங்கியதை அப்படியே கீழே கொட்டாமல் இருப்பது முதல் வேலை. மேலே கணக்குக் கேட்கும்போது “என் டீமில் நடந்தது, என் பொறுப்பு” என்று சொல்வது இரண்டாவது. பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டால் அது எப்படியும் கீழே வந்து சேரும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, உடம்பிலும் மனசிலும். இப்படி இரண்டு பக்கமும் தாங்கி நின்று தாங்க முடியாமல் வேலையை விட்டவர்களைத் தெரியும். அவர்கள் தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை.

பாலியல் தொல்லை, சாதி, மதம், நிறம் பார்த்து அவமதிப்பது போன்றவற்றையும் இப்படிப் பேசித் தீர்க்கலாமா?

கூடாது. அது டீம் பழக்கவழக்கம் பற்றிய விஷயமே இல்லை. முறையான புகார், விசாரணை, பாதிக்கப்பட்டவருக்குப் பாதுகாப்பு. இதற்கென்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் 190ஆம் எண் உடன்படிக்கையையே கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் நடுவர் வேலை பார்க்காமல் உரிய குழுவிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். “இரண்டு பேரையும் உட்காரவெச்சு சமாதானம் பண்ணிட்டேன்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நிலைமை மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை நாள் ஆகும்?

மாதக்கணக்கில் ஆகும். ஒரு மோசமான மீட்டிங்கில் பழைய இடத்துக்கே திரும்பியும் போகும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரச்சினைக்கும் இரண்டு தேதி எழுதுவேன்: டீமில் யாருக்காவது முதலில் தெரிந்த நாள், என் காதுக்கு வந்த நாள். நோட்டை ஆரம்பித்த புதிதில் நடுவே 20, 25 நாள் இருந்தது. ஒரு வருடம் கழித்து பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளுக்குள் வந்துவிட்டன. போன மாதம் ஒன்று மட்டும் 11 நாள் எடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவரோடு வியாழக்கிழமை பேச வேண்டும். அந்த 11 நாளில் நான் என்ன மனநிலையில் இருந்தேன் என்று முதலில் என் காலெண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.